பிரோகி சமையலறையில் உயிர்ப்பிக்கப்பட்ட காலாவதிக் கடன் குறித்த புகார்

அனுப்புநர்
திருமதி பெர்னடீன் சோல்டிஸ் (வயது 61),
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
மூன்றாவது தெரு, கெல்னர்ஸ் ரன்,
பென்சில்வேனியா.

பெறுநர்
அதிகாரி அவர்கள்,
நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவு,
மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம்,
ஹாரிஸ்பர்க்.

பொருள்: காலாவதியான கடனுக்கு என் தோழியை ஏமாற்றிப் பணம் கட்ட வைத்து, அதையே சாட்சியாக்கி என்மீது வழக்குத் தொடுத்துள்ள கார்டன்மியர் வசூல் நிறுவனத்தின்மீது, ஜூன் 26-க்கு முன் நடவடிக்கை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எங்கள் ஊர்க் கண்ணாடித் தொழிற்சாலை மூடப்பட்டபோது வேலை இழந்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்குச் சற்று முன்னர்தான் ஒரு மரச்சாமான் கடையின் கடன் அட்டையில் ஒரு சோஃபாவும் துணி துவைக்கும் இயந்திரமும் வாங்கியிருந்தேன். முடிந்த மட்டும் கட்டினேன். 2013-க்குப் பிறகு முடியவில்லை. கடைக்காரர் அந்தக் கடனை ஒருவருக்கு விற்றார், அவர் இன்னொருவருக்கு விற்றார், கடைசியில் அடிமாட்டு விலைக்கு மேற்படி கார்டன்மியர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. சோஃபா குப்பைக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. இவற்றில் எதையும் நான் மறைக்கவில்லை.

2. சென்ற ஆண்டு அந்த நிறுவனத்தார் என்னை ஓயாமல் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார்கள். நான் விவரம் தெரியாதவள் அல்ல. மாவட்ட நூலகத்தில் இலவச சட்ட உதவி தரும் வழக்கறிஞர் செல்வி ரூத் அடேயெமியிடம் போனேன். கடைசியாகப் பணம் கட்டி நான்கு ஆண்டு கடந்துவிட்டதால் இந்தக் கடனை நீதிமன்றத்தில் கேட்டு வாங்க முடியாது என்று அவர் பார்த்துச் சொன்னார். "முதல்ல அவங்க யாரு, கையில என்ன ஆதாரம் இருக்குன்னு எழுத்துல கேளுங்க. அதுக்கு முன்னாடி பேரம் பேசவே கூடாது. நல்லெண்ணத்துக்கு அஞ்சு டாலர் கொடுங்கன்னு கெஞ்சுவாங்க. கொடுத்தீங்கன்னா, கடனை ஒத்துக்கிட்டீங்க, கணக்கு மறுபடி முதல்லேருந்து ஆரம்பம்னு சொல்லுவாங்க" என்றார். அவர் சொன்னபடியே ஆதாரம் கேட்டும், இனி என்னை அழைக்க வேண்டாம் என்றும் பதிவுத் தபாலில் எழுதினேன். ஆதாரம் வரவில்லை. அழைப்பும் நின்றது. தொல்லை ஒழிந்தது என்று நம்பினேன்.

3. என்னைத்தான் அழைக்கக்கூடாது, என் தோழிகளை அழைக்கலாமே என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எங்கள் மாதா கோயிலின் கீழ்த்தளச் சமையலறையில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் கூடி, உருளைக்கிழங்கு வைத்து மடித்த பிரோகி என்னும் கொழுக்கட்டை செய்து விற்கிறோம். கோயில் கூரை நிற்பது அந்தப் பணத்தில்தான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஆர்டர் குவியும். ஊரெங்கும் ஒட்டும் விளம்பரத் தாளில் சமையலறைத் தொலைபேசி எண்ணும், "பெர்னடீனைக் கேட்கவும்" என்ற வரியும் இருக்கும். அந்த எண்ணைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

4. எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைத் தாங்கள் அறிய வேண்டும். யாருக்காவது கஷ்டம் என்றால் பணப்பெட்டி பக்கத்தில் ஒரு காபி டப்பா வைத்து, அவர் பெயரை ஒட்டிவிடுவோம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. சம்பந்தப்பட்டவரிடம் சொல்வதும் இல்லை, கேட்பதும் இல்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த ஒரு வழக்கத்தால்தான் அன்று நடந்த எதையும் யாரும் என் காதில் போடவில்லை.

5. தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளியன்று நான் பேருந்து ஓட்டப் போயிருந்த நேரத்தில் அழைப்பு வந்தது. எடுத்தவர் லோரெட்டா ஹ்ரின்யாக். தொழிற்சாலை நாளிலிருந்து என் தோழி. உருளைக்கிழங்கு வியாபாரியே இவர் குரலைக் கேட்டால் விலையைக் குறைத்துவிடுவார். மிஸ்டர் பிளேக் என்று பெயர் சொன்ன அந்த ஆள், நான் 3,940 டாலர் பாக்கி என்று அவரிடம் போட்டு உடைத்திருக்கிறார். என் கடனைப் பற்றி என் உடன்பிறந்தவளிடம்கூட அவர் வாய் திறக்கக்கூடாது என்பது சட்டம். அதன்பின் நடந்ததை, வழக்கு வந்த அன்று லோரெட்டா எங்களிடம் சொன்னவாறே தருகிறேன். திருத்தி எழுத எனக்கு மனமில்லை.

"வீட்டு மேல கைவெச்சுடுவாங்கன்னு சொன்னான். எனக்குக் கை கால் ஓடல. ஆனா வெளிய காட்டிக்குவேனா? 'நாலாயிரமா? ஏன்டா தம்பி, அந்த சோஃபாவத் தங்கத்துலயா செஞ்சீங்க? ஐந்நூறு தரேன், வாயை மூடிட்டு வாங்கிக்கோ'ன்னேன். அவன் ரெண்டாயிரம்னான். நான் போனை வெக்கப் போனேன். ஆயிரத்து இருநூறுக்கு இறங்கினான். இன்னைக்கு ஐம்பது, மீதி மாசாமாசம்னு பேசி முடிச்சேன். பெர்னி பேர்ல டப்பா வெச்சோம். எல்லாரும் போட்டாங்க. நான் என் கார்டுலேருந்து ஐம்பது கட்டினேன். அவளுக்கு ஈஸ்டருக்குச் சொல்லலாம்னு இருந்தோம்."

இவ்வளவு நல்ல பேரம் தன் வாழ்நாளில் பேசியதில்லை என்று அன்று முழுவதும் சமையலறையில் மார்தட்டியிருக்கிறார். ஒரு செல்லாக் காசுக்குப் பேரம் பேசினோம் என்று அவருக்கு யார் சொல்வது? சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் நான். என்னிடம்தான் யாரும் பேசவில்லையே.

6. இனி நான் எழுதுவதைத் தாங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். பணம் வாங்கும் முன் அந்த மிஸ்டர் பிளேக் சொன்னது: "மேடம், நான்தான் பெர்னடீன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லேன்னா கம்ப்யூட்டர் பணத்தை எடுத்துக்காது. சும்மா ஒரு சம்பிரதாயம்." லோரெட்டா சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைப் பதிவு செய்து வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் அவன் கேட்டதும் சொல்லிக்கொடுத்ததும் பதிவில் இல்லை. பதிவுக் கருவி சரியாக அந்த இடத்தில்தான் விழித்துக்கொண்டதாம்.

7. ஈஸ்டர் வந்தது, சேதி வரவில்லை, வழக்குத்தான் வந்தது. பிரதிவாதியே பணம் கட்டிக் கடனை ஒப்புக்கொண்டதாக அதில் எழுதியிருக்கிறார்கள். பேசி முடித்த ஆயிரத்து இருநூறு காற்றோடு போயிற்று. முழுத் தொகையும் வட்டியும் வழக்குச் செலவும் கேட்கிறார்கள். விசாரணை ஜூன் 26 அன்று. தீர்ப்பு அவர்கள் பக்கம் போனால் என் வங்கிக் கணக்கை முடக்குவார்கள், வீட்டின்மீது வில்லங்கம் ஏற்றுவார்கள். என்னிடம் இருப்பது அந்த வீடு ஒன்றுதான்.

8. செல்வி அடேயெமி கலங்கவில்லை. என் அனுமதி இல்லாமல் வேறொருவர் கட்டிய பணம் என்னைக் கட்டுப்படுத்தாது, அந்தக் குரல் என்னுடையது இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னாலே போதும் என்றார். நானும் சரி என்றுதான் இருந்தேன். அந்த நிறுவனத்தின் வழக்கறிஞர் எங்களை அழைத்து, மிகவும் மரியாதையாக, வேறொரு வழி காட்டினார். "அது உங்க குரல் இல்லேன்னா, யாரோ உங்க பேரைச் சொல்லி ஏமாத்தியிருக்காங்க. அது குற்றமாச்சே, போலீசுக்குச் சொல்ல வேண்டியது எங்க கடமை. உங்க குரல்தான்னா, ஒரு பிரச்சினையும் இல்ல. இரண்டாயிரத்து எண்ணூறுக்குச் சமரசம் பண்ணிக்கலாம்" என்றார்.

9. அம்மையீர், இதற்குப் பெயர் சமரசமா? பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்தவன் அவர்கள் ஆள். அந்தப் பொய்யைச் சொன்ன குற்றத்துக்கு என் தோழியைப் பிடித்துக் கொடுப்போம் என்பவர்களும் அவர்களே. வீடு வேண்டுமென்றால் லோரெட்டாவைக் காட்டிக்கொடு, லோரெட்டா வேண்டுமென்றால் பணத்தைக் கொடு என்கிறார்கள். கூச்சநாச்சம் இல்லாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்படிக் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு, இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களைப் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிகிறது. இதை மனுவுக்கு ஏற்ற மொழியில் எழுத எனக்குத் தெரியவில்லை.

10. வழக்கு வந்த அன்று நடந்ததைச் சொல்லிவிட்டுப் போன லோரெட்டா, அதன்பின் சமையலறைக்கு வருவதில்லை. நான் வீட்டுக்குப் போனால் கதவைத் திறப்பதில்லை. "உன் மூஞ்சில எப்படிடி முழிப்பேன், போ" என்று உள்ளிருந்தே சொல்கிறார். என் ஐம்பதாவது வயதில் எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் இருந்தவர் இவர் ஒருவர்தான். அவர் என்மீது காட்டிய அன்பைத்தான் இந்த நிறுவனம் என்மீதே வழக்காகப் போட்டிருக்கிறது.

11. எனவே, அந்த உரையாடலின் முழுப் பதிவையும் தாங்கள் வரவழைத்துக் கேட்க வேண்டும். காலாவதிக் கடனுக்கு வழக்குப் போட்டதற்கும், சமையலறைக்கு அழைத்து என் கடனைப் பறைசாற்றியதற்கும் அந்த நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்து, வழக்கைத் திரும்பப் பெறச் செய்ய வேண்டும். ஐம்பது டாலரை லோரெட்டாவிடம் திருப்பித் தரச் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை என்று தங்கள் அலுவலக முத்திரையோடு அவருக்கு ஒரு வரி எழுத வேண்டும். என் வார்த்தையை அவர் நம்ப மறுக்கிறார்.

12. கடைசியாக ஒன்று. இதை எழுத வேண்டாம் என்று செல்வி அடேயெமி சொன்னார், ஆனாலும் எழுதுகிறேன். ஜூன் 26-க்குள் தங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்றால், நான் நீதிமன்றத்தில் எழுந்து நின்று அந்தக் குரல் என்னுடையது என்று சொல்லிவிடுவேன். அது பொய் என்று எனக்கும் தெரியும், இப்போது தங்களுக்கும் தெரியும். அந்தப் பொய்யை நான் சொல்லும்படி விட்டுவிடாதீர்கள் என்பதே என் மன்றாட்டு.

இடம்: கெல்னர்ஸ் ரன்
நாள்: 7 ஜூன் 2024

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
பெர்னடீன் சோல்டிஸ்

சாட்சிகள் (சமையலறைப் பெண்கள்): டெல்ஃபின் கோவால், ஐரீன் பஸ்தூரா

(கீழே, வேறொரு கையெழுத்தில்)

அம்மா, சாட்சிக் கையெழுத்துக்காக இந்த மனுவை சமையலறை மேஜையில வெச்சிருந்தாங்க. ஐரீன் என் வீட்டுக்கே கொண்டுவந்து, ஜன்னல் வழியா பன்னெண்டாவது பத்தியப் படிச்சுக் காட்டினா. அப்புறம்தான் கதவத் திறந்தேன்.

அந்தக் குரல் என்னோடது. பெர்னிக்குப் பொய் சொல்ல வராது, காது வரைக்கும் சிவந்துடும், நீதிபதி பார்த்த உடனே கண்டுபிடிச்சிடுவாரு. 26-ஆம் தேதி அவளுக்கு முன்னாடி நான் போய் நிப்பேன். அந்தப் பையன் எனக்குச் சொல்லிக்கொடுத்ததையும் சேர்த்து எல்லாத்தையும் சொல்லுவேன். போலீஸ் வரணும்னா தாராளமா வரட்டும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்னு சொல்லிடுங்க, மாவு பிசைய நான் போகணும்.

லோரெட்டா ஹ்ரின்யாக்