முன்னாலேயே போடுகிற குறி

ஐப்பசி, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். பிரிண்ட் போட்ட துணி காய மாட்டேன் என்கிறது.

ஸ்பெயின் ஆர்டருக்கு டிசைன் வந்துவிட்டது. பிறந்த குழந்தைக்கான பனியன். என் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மார்பில் ஒரே சொல்: ¡ஓலா! வணக்கம் மாதிரியாம். முன்னால் ஆச்சரியக்குறி தலைகீழாக, பின்னால் நேராக.

பிரிண்டிங் பார்க்கும் செல்வின் அண்ணன், திருச்செந்தூர்க்காரர், டிசைன் அச்சிட்ட பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
“ஏ தம்பி, குறி தலகீழால்லா நிக்கு. மாத்திப் போட்டுட்டியளோ?”
“இல்லீங்கண்ணா, ரெண்டும் வேணும். அவங்க பாஷையில அப்படித்தானுங்க.”
“சரி, காசா பணமா, போட்டுருவோம்.”

வாங்க வேண்டியது: மாதுளை, சுமதிக்கு மாத்திரை, குடை.

புதன்
வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இரண்டாவது டிசைனில் கரடி பேசுகிறது. பேச்சுக்கு இரண்டு பக்கமும் « » என்று கொக்கி. அதற்குள் இன்னொருவர் பேச்சு வந்தால்தான் நம் மேற்கோள்குறி. முற்றுப்புள்ளி கொக்கிக்கு வெளியே. நான் உள்ளே வைத்திருந்தேன், திருத்தினேன். அந்தக் கொக்கிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையை ஏந்த நீட்டிய இரண்டு கைகள். இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று சுமதி உத்தரவு.

போன இரண்டு முறையும் ஊரெல்லாம் சொல்லி, இனிப்பும் கொடுத்து, பிறகு இருவரும் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தோம். இம்முறை சுமதி மாசமாக இருப்பதை என் வீட்டுக்கும் சொல்லவில்லை, அவள் வீட்டுக்கும் சொல்லவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த, ஆர்டரில் மிஞ்சிய சர்ப்ளஸ் குழந்தைத் துணியைக்கூட மூட்டை கட்டிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். ஊரே பனியன் தைக்கிற ஊரில் எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சட்டை கிடையாது.

வியாழன்
மறுபடி மழை. மதியம் கரண்ட் இல்லை. மேசை நீளத்துக்கும் குட்டிப் பனியன்கள், மஞ்சள், வெளிர்பச்சை. ஒவ்வொன்றிலும் யாரோ உள்ளே நெளிகிற மாதிரி இருந்தது. செல்வின் அண்ணன், “என்ன தம்பி, கண்ணைத் திறந்துக்கிட்டே உறக்கமா?” என்றார்.

சாயங்காலம் சுமதியிடம் அந்தக் குறியைப் பற்றிச் சொன்னேன். வரியின் தொடக்கத்தில்தான் போட வேண்டும் என்றில்லை. சந்தோஷம் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே போடலாம். ‘மமா, ¡மீரா!’ அம்மாவைச் சாதாரணமாகக் கூப்பிட்டுவிட்டு, மீரா, அதாவது பாரு, என்பதை மட்டும் கூவுவது.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: “முடிவு தெரியாம எப்படீங்க முன்னாலயே போடுவாங்க?”
“எழுதறவங்களுக்குத் தெரியுமில்ல.”
“நமக்குத் தெரியாதுங்களே.”

பயமாக இருக்கிறது. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

வெள்ளி
மேகமூட்டம். நாளை ஸ்கேன். போன இரண்டு முறையும் இந்த ஸ்கேனில்தான் துடிப்பு இல்லை என்றார்கள்.

சாம்பிள் ஓகே ஆகிவிட்டது. செல்வின் அண்ணன் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். என்னுடையதைத் தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சனி
மழை இல்லை. நல்ல நீல வானம்.

டாக்டரம்மா திரையைப் பார்த்தபடியே கருவியை நகர்த்திக்கொண்டிருந்தார். சுமதி என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு புள்ளி, விட்டு விட்டு மினுங்கியது. “துடிப்பு நல்லா இருக்குதுங்க.”

சுமதி வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, என் போனை வாங்கி, மடத்துக்குளத்தில் இருக்கும் அவள் அம்மாவுக்கு அடித்தாள். அவளே. நான் அடிக்கச் சொல்லவில்லை.

“அம்மா” என்றாள். அதற்கு மேல் அழுகை. அத்தைக்கு இவள் மாசமாக இருப்பதே தெரியாது. அந்தப் பக்கம் அலறல்: “என்னாச்சு கண்ணு? மாப்பிள்ளைக்கு ஏதாவதா? சொல்லு சாமி!” இவள் வாயைத் திறந்தாலே அழுகைதான் வருகிறது.

போனை வாங்கினேன்.

“அத்தை, நல்ல சேதிங்க. மொதல்ல அதைச் சொல்லிப்போடறேன். நல்ல சேதி.”

மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு அத்தை கேட்டார், “எத்தனை மாசமுங்க மாப்பிள்ளை?”