மூன்று பேருக்கு ஒரு வண்டி

அளவற்ற அருளாளன் பெயரால்.

ஸ்ட்ராபெரித் தோட்டங்களின் அரசியும், புஷாயிபின் மனைவியும், இதற்கெல்லாம் மேலாக எனக்கு யெம்மாவுமாகிய மீலூதா அவர்களின் சமூகத்துக்கு, மகன் மாத்தி உன் இரு கைகளையும் முத்தமிட்டு ஸலாம் சொல்லி எழுதுவது. பாவும் நானும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நீலக் கெண்டியின் மூடி கண்டெடுக்கப்பட்டது. நீ போவதற்கு முந்தைய பெருநாளன்று காணாமல் போனதும், அதற்காக நீ எதிர்வீட்டுக்காரியோடு ஒரு கோடை முழுக்கப் பேசாமல் இருந்ததுமான அதே மூடிதான். அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. லேசாகத் துருப் பிடித்திருக்கிறது. மற்றபடி உடல்நிலை திருப்திகரம். எதிர்வீட்டுக்காரியிடம் மன்னிப்புக் கேட்கும் பொறுப்பை உனக்கே ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அலமாரியை எதற்கடா நகர்த்தினீர்கள் என்று கேட்பாய். அங்கேதான் விஷயம் இருக்கிறது. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம். மணமக்களுக்கு நம் அறை வேண்டுமாம். வெயில் காலத்துக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பா சண்டை போடவில்லை. வாரத்தில் பாதிநாள் சந்தை சந்தையாக அலைகிறவனுக்குச் சுவர் எதற்கு, நமக்குச் சக்கரம் வைத்த வீடே போதும் என்று சொல்லிவிட்டார். பழைய வண்டி ஒன்று வாங்கி, பின்பக்கம் படுக்கை போட்டு, சந்தைக்குக் கொண்டுபோகும் தேநீர்க் கண்ணாடிக் குவளைகளையும் அதிலேயே ஏற்றிக்கொண்டு, அதிலேயே குடியிருப்பது என்று முடிவு.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நம் ஆட்கள் பேசும் அழகு உனக்குத் தெரியாதா? நல்லா இருக்கியா, உடம்பு நல்லா இருக்கா, வேலை நல்லா இருக்கா, அந்தக் கிழவியம்மா நல்லா இருக்காங்களா என்று பா கேட்டு, அதே வரிசையில் நீ திருப்பிக் கேட்டு முடிப்பதற்குள் அட்டையில் காசு தீர்ந்துவிடுகிறது. போதாததற்கு, நான் பேசும்போது பா பக்கத்திலேயே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் அடுத்த அறை இஸ்ஸா உன் பக்கம் கப்பல் ஏறும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவளும் பழம் பறிக்கத்தான் வருகிறாள். பழம் முடிந்ததும் திரும்பிவிடுவாளாம்.

உன்னோடு போனவர்களும் அப்படித்தான் திரும்பினார்கள். நீ திராட்சைக்கு இருந்தாய். அப்புறம் ஆலிவுக்கு. அப்புறம் கிழவியம்மாவைக் குளிப்பாட்ட. அந்த நாட்டில் ஏதாவது ஒன்று பழுத்துக்கொண்டேதான் இருக்கும்போல. குறை சொல்லவில்லை. விவசாயத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

வண்டி பார்க்கும் படலத்துக்கு ஆலோசகராக வந்தவர் உன் தம்பி கத்தூர். அவரைக் காலி என்று கூப்பிடும்போதெல்லாம் தாய்மாமனுக்கு நம் பாஷையில் எவ்வளவு பொருத்தமான பேர் வைத்திருக்கிறார்கள் என்று வியக்கிறேன். பை காலி, வயிறு காலி, வந்த அன்றே நம் ரொட்டிக் கூடையும் காலி. ஆனால் வண்டி விஷயத்தில் மண்டை மட்டும் காலி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். எஞ்சின் சூடாக இருக்கும்போது எவன் வண்டியும் நல்லாத்தான் ஓடும், ராத்திரியெல்லாம் குளிர்ந்து கிடந்ததை விடியக்காலைல கிளப்பிப் பாருங்க மச்சான் என்பார். தரையில் விரித்த விரிப்பைத் தூக்கச் சொல்வார். கீழே துரு தின்ற ஓட்டை வழியே சாலை தெரிந்தால், இது வண்டியில்ல, சல்லடை, மாவு சலிக்க வெச்சுக்கோங்க என்று விற்கிறவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். ரொம்பப் புதுசும் கூடாதாம். பழைய எஞ்சினை எந்த ஊரிலும் எவனாவது ஒருத்தன் சுத்தியலும் கெட்ட வார்த்தையும் வைத்துச் சரிபண்ணிவிடுவான். புதுசு கெட்டால் கணினியைத் தேடி நகரத்துக்கு ஓட வேண்டுமாம்.

தெருவில் கேலிக்குக் குறைவில்லை. புஷாயிப் நத்தையா மாறிட்டாண்டா, வீட்ட முதுகுல தூக்கிட்டுப் போகப்போறான் என்று காபிக்கடையில் ஒருத்தர் சொன்னார். ஜாக்கிரதையா இருங்க பா, நம்ம ஊர்ல நத்தைய வேகவெச்சுச் சாறு குடிச்சிருவாங்களே என்று நான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். பா சிரிக்கவில்லை.

சல்லடைகளையெல்லாம் தள்ளிவிட்ட பிறகு இரண்டு வண்டிகள் மிஞ்சின.

ஒன்று ஸி புஜ்மாவுடையது. சின்னது, சுத்தமானது, எஞ்சின் பூனை மாதிரி முனகும். ஆனால் உள்ளே குனிந்துதான் போக வேண்டும். அகலமும் இரண்டு பேர் படுக்கிற அளவுக்குத்தான். இன்னொன்று லல்லா தாமுவின் ரொட்டி வண்டி. அவள் புருஷன் உயிரோடு இருந்தவரைக்கும் கடைகடையாக ரொட்டி போட்ட வண்டி. என்னைவிட வயதில் மூத்தது, இருமும், வெள்ளைப் பெயின்ட் தோல் உரியும். ஆனால் தட்டுகளை நின்றபடியே அடுக்க வேண்டும் என்று கூரையை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். உள்ளே போனால் இன்னும் ரொட்டி வாசனை.

காலி புஜ்மாவின் வண்டிக்கு ஓட்டுப் போட்டார். பாவும் அதையே சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில், ரெண்டு பேருக்கு இது போதும்டா என்றார்.

மூணாவது ஆள் எங்க படுக்கும் என்று கேட்டேன்.

பா தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். காலி திடீரென்று டயரை உதைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை யெம்மா. இதை எழுதியிருக்க வேண்டாம், சரி, எழுதியாகிவிட்டது.

இனிமேல்தான் உன் மகனின் வீரதீரம்.

நம் பக்கத்தில் ஊர்களுக்குச் சந்தை கூடும் கிழமைகளின் பேரை வைத்த பெரியவர் யாரோ, அவர் கபர்க்குழி ஒளியால் நிறையட்டும். செவ்வாய்க்குப் போக மற்ற நாட்டுக்காரனுக்கு ராக்கெட் வேண்டும். நமக்கு பஸ் போதும். செவ்வாய்க்கிழமை காலையில் பா என்னைக் கூப்பிட்டு, புஜ்மாவுக்குப் போன் போட்டு நாளைக்கு வியாழனுக்கு வரச் சொல்லு, பேச்ச முடிச்சிடலாம் என்றார். வியாழன் என்றால் வியாழன் ஊர். மறுநாள் சந்தைக்கு இடம் பிடிக்க புதன் மதியமே அங்கே போய்விடுவோமே, அங்கே வரச் சொன்னார்.

தொலைபேசிக் கடைக்குப் போனேன். பா சொன்னதை அப்படியே சொன்னேன். நாளைக்கு என்ற ஒரே ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டேன். நோன்பில்லாத நாள்தானே, விழுங்கினால் குற்றமா? வியாழனுக்கு வரச் சொன்னார் என்றேன். வியாழக்கிழமைக்கா, சரி தம்பி, வீட்டுக்கே வண்டியோட வந்துடறேன் என்றார் அவர். நான் பொய் சொல்லவில்லை. சும்மா இருந்தேன். எனக்கு மாத்தி என்று பேர் வைத்தது நீதானே? மாத்தி மாத்திப் பேசாமல் என்ன செய்வேன்!

புதன் மதியம் வியாழனில் பா காத்திருந்தார். புஜ்மா வரவில்லை. வெள்ளிக்கிழமையில் பிறந்ததால் புஜ்மா என்று பேர் வாங்கிய மனுஷன், வியாழனில் கவிழ்ந்தார். அந்த நேரம் பார்த்து, இறைவன் செயலைப் பார், லல்லா தாமு ரொட்டி வண்டியில் வந்து இறங்கினாள். நான் விடுவேனா? சந்தையில் பல் பிடுங்குகிறவன் மாதிரி ஒரு பெட்டிமேல் ஏறி நின்று பிரசங்கம் செய்தேன். ஏறுங்க, பாருங்க, நிமிர்ந்து நில்லுங்க, தொழுதாலும் தலை முட்டாது, சண்டை போட்டாலும் கை முட்டாது, இதில் மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம், நாலாவதாக ஒரு பிள்ளை பிறந்தாலும் ரொட்டித் தட்டில் தூங்க வைக்கலாம் என்றேன். லல்லா தாமு முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். பா கடைசிவரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து அவளிடம் போய், மரியாதையாக நெஞ்சில் கை வைத்து, லல்லா, வண்டி எங்களுக்கு என்றார்.

ஒரே சொல்லில் ஜெயித்தவன் நான்! வியாழக்கிழமை முழுக்கச் சந்தையில் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். நம் வண்டியில் உன் இடத்தைக் காப்பாற்றியது நான்தான் என்று இஸ்ஸாவிடம்கூடச் சொல்லிவிட்டேன். அவள் வந்து உன்னிடம் அப்படித்தான் சொல்வாள்.

அவள் சொல்லும்போது நீ என்னை ரொம்பப் புகழ்ந்துவிடாதே. ஏனென்றால் மீதிக் கதை அவளுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் ரொட்டி வண்டியிலேயே வீட்டுக்கு வந்தோம். வாசலில் ஸி புஜ்மா, பக்கத்தில் அவர் வண்டி, இருவருமே கழுவித் துடைத்து. மதியத்திலிருந்து காத்திருக்கிறாராம். இப்போது பா அவரைச் சொன்ன சொல் தவறியவன் என்று ஏசுவார், புஜ்மா என்னைக் கைகாட்டுவார், நான் கூரை வழியாகத் தப்புவேன் என்று கணக்குப் போட்டேன். பா நேரே போய் அவர் தோளில் முத்தமிட்டார். உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் ஊற்றினார். பிறகு சொன்னார்: மன்னிக்கணும் ஸி புஜ்மா, வேணாம்ங்கிறத போன்ல சொல்லக் கூடாது, நேர்ல முகத்தப் பாத்துச் சொல்லணும்னுதான் வியாழனுக்கு வரச் சொன்னேன். உங்க வண்டில ஒரு குத்தமும் இல்ல. மீலூதா அதுல நிமிர்ந்து நிக்க முடியாது, அவ்வளவுதான். நாள் பூராவும் பழச்செடிக்கும் கிழவியம்மாவுக்கும் குனியறவ, வீட்டுக்கு வந்தும் குனியணுமா?

பேச்சை முடித்துவிடலாம் என்று அவர் சொன்னது இந்த முடிவைத்தான் யெம்மா. ஊருக்கெல்லாம் சொல்லைத் திருப்பிப் போடுகிறவன், அந்த ஒரு சொல்லைத் திருப்பிப் பார்க்கவில்லை. லல்லா தாமுவிடம் பா முந்தைய வாரமே கைகுலுக்கிப் பேசி முடித்துவிட்டாராம். அதனால்தான் அவள் புதனன்று வந்தாள். நான் பெட்டிமேல் நின்று கத்தியபோது குலுங்கியதும் அதனால்தான். ஏன் பா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லிட்டு உன் யெம்மா வரலேன்னா நீ என்ன பண்ணுவே என்றார். அப்போ உங்களுக்கு மட்டும் வலிக்காதா என்று கேட்க வாயெடுத்தேன்.

புஜ்மாவுக்கு எல்லாம் புரிந்ததும், இவன் நாக்கப் பிடுங்கிச் சந்தைல வித்தா உங்களுக்கு இன்னொரு வண்டி வாங்கலாம் என்றார். அவர் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்க வைத்தார் பா. கேட்டேன். காது இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.

இப்போது வண்டிக்குள் படுக்கை அடிக்கிறோம். பக்கவாட்டில் உனக்கு ஒரு பலகை. அதற்கு மேலே, நீ நின்றால் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு தட்டு வைக்க வேண்டும் என்றார் பா. அங்கேதான் தகராறு. நீ என் புருவம் வரைக்கும் இருப்பாய் என்கிறேன் நான். இல்லடா, உன் காதுவரைக்கும்தான், நீ வளந்துட்ட என்கிறார் அவர். இரண்டு பேரும் காற்றில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறோம். உன் இடத்தைக் காப்பாற்றியவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட எனக்கு உன் உயரம் நிச்சயமாகத் தெரியவில்லை யெம்மா. பாவுக்கும் தெரியவில்லை. தட்டு இன்னும் ஆணி அடிக்காமல் கிடக்கிறது.

அல்லாஹ் உன் முதுகுக்கும் கைக்கும் பலம் தரட்டும். கிழவியம்மாவுக்கும் நல்ல சுகத்தைத் தரட்டும், உன்னை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு. செவ்வாய்க்கிழமை செவ்வாயில் இருப்போம், வியாழக்கிழமை வியாழனில். ரொட்டி வண்டி எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். உன் உயரத்தை மட்டும் கடிதத்தில் எழுதி அனுப்பிவிடாதே. வந்து நின்று காட்டு.

உன் மகன்,
மாத்தி