மாரிஸுக்கு இரண்டு மஞ்சள் விளக்கு

பாண்டுங்
4 ஆகஸ்ட் 1996

அன்புள்ள கங் குமிலார்,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உங்கள் அம்மாவும் தங்கையும் நலம். என் வீட்டிலும் நலம். உங்கள் மாரிஸ் காரும் நலம். கடிதத்தைப் பிரித்ததும் முதலில் அதன் பெயரைத்தான் தேடியிருப்பீர்கள் என்று தெரியும்.

விளக்கு கிடைத்துவிட்டது! மூடுபனி விளக்கு, மஞ்சள் கண்ணாடி, ஜோடியாக, ஒரு கீறல்கூட இல்லை. பழைய சாமான் சந்தையில் ஒரு தையல் மிஷினுக்கு அடியில் கிடந்தன. எனக்குப் பேரம் பேச வாய் வராது என்று உங்களுக்குத் தெரியுமே. கையில் எடுத்துக்கொண்டு சும்மா நின்றேன். கடைக்காரர்தான் பொறுமை இழந்தார். "என்னம்மா, வாங்கப் போறியா, இல்ல அதுக்குப் பேர் வைக்கப் போறியா?" என்று கேட்டு, அவராகவே விலையைக் குறைத்துவிட்டார். பேசாமல் இருப்பதிலும் ஒரு லாபம் இருக்கிறது.

போன வருடம் பழைய வண்டிச் சங்கத்தார் ராஞ்சாபாலி தேயிலைத் தோட்டத்துக்குப் போனபோது, திரும்பும் வழியில் நம் மாரிஸ் மட்டும் பனியில் கண் தெரியாமல் தேநீர்க் கடை வாசலில் நின்றதே, நினைவிருக்கிறதா? ஹாஜி ஓமான் தன் ஃபியட்டிலிருந்து தலையை நீட்டி, "குமிலார், ராத்திரி தங்குறதுக்குப் பாய் இருக்கா?" என்று கத்திக்கொண்டு போனார். நீங்கள் சிரித்தீர்கள். நான் பின் இருக்கையில் சோற்றுப் பொட்டலங்களோடு உட்கார்ந்து, இந்தப் பனிக்கு எந்த விளக்கு, எத்தனை வாட் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடப் பயணம் அக்டோபரில். நீங்கள் கொரியாவில் இருப்பதால் உங்கள் கூட்டாளி ஜாஜாங் மாரிஸை ஓட்டுகிறார். அதற்குள் விளக்கை நான் மாட்டட்டுமா? நாம் பட்டறை வைக்கும்போது என்ஜின் உங்கள் கை, வயர் என் கை என்று நிச்சயத்தன்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஷேர் வேன் ஓட்டி என்னைப் பாலிடெக்னிக்கில் மின்சாரம் படிக்க வைத்தவர் அவர். அது அவருக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை. எனக்கும்தான்.

இதையே நம் பட்டறையின் முதல் வேலை என்று வைத்துக்கொள்ளலாமா?

பதிலுக்குக் காத்திருக்கும்
இமாஸ்


ஆன்சான், கொரியா
22 ஆகஸ்ட் 1996

என் நெங் இமாஸுக்கு,

மாட்டு! மாட்டு! கடிதத்தைப் படித்ததும் படுக்கையிலிருந்து எகிறி, மேல் கட்டிலில் தலை இடித்து, அங்கே தூங்கிய காருத் ஊர்க்காரனையும் எழுப்பிவிட்டேன்.

அறை முழுக்கச் சொல்லிவிட்டேன், எனக்கு வரப்போறவ என் மாரிஸுக்கு வயர் போடுறான்னு. "வயர் போடுவா சரி, சோறு போடுவாளா?" என்றான் ஒருத்தன். அவன் தட்டில் இருந்த புளித்த முட்டைக்கோஸை எடுத்து அவன் வாயிலேயே அடைத்தேன். இங்கே மூணு வேளையும் அதுதான். நல்ல மிளகாய்ச் சம்பாலுக்கு நாக்கு ஏங்குகிறது.

நான் சொல்வதைக் கவனி. பம்பரில் ஓட்டை போடாதே. போட்டால் விமானம் ஏறி வந்து அழுவேன். சிவப்பு வயரைப் பேட்டரியிலிருந்து இழு. கறுப்பை வண்டி உடம்பில் முடுக்கு. உலகத்தில் எந்தக் காரானாலும் மைனஸ் உடம்புக்கு. அவ்வளவுதான் விஷயம். காலேஜில் போட்ட படமெல்லாம் தேவையில்லை.

முதல் வேலைதான். சத்தியமா. வயர் உன் கை.

உன்
குமிலார்


பாண்டுங்
8 செப்டம்பர் 1996

அன்புள்ள கங் குமிலார்,

எரிந்தது! நேற்று மாலை எங்கள் சந்தில் மாரிஸை நிறுத்தி, சுவிட்சைத் தட்டினேன். எதிர்வீட்டுச் சுவர் முழுக்க மஞ்சள். அப்பா போய் அந்த வெளிச்சத்தில் கையை வைத்துப் பார்த்தார், சூடு தெரியுமா என்பதுபோல. பிறகு சந்தின் இரண்டு முனைக்கும் நடந்து, ஒவ்வொரு வீட்டிலும் "என் மக போட்டது" என்று சொல்லிவிட்டு வந்தார். நான் வண்டிக்குள்ளேயே குனிந்துகொண்டேன்.

பம்பரில் ஓட்டை இல்லை, அழ வேண்டாம். கவ்வும் பட்டை செய்து மாட்டினேன். மஞ்சள் விளக்கைப் போட்டால் பெரிய முன்விளக்கை அணைத்துவிட வேண்டும். பனியில் அது கண்ணுக்கு எதிரே வெள்ளைச் சுவர் எழுப்புவதோடு சரி. அதோடு, ஊர்ந்து போகும்போது டைனமோ தரும் மின்சாரம் கொஞ்சம்தான். எல்லா விளக்குக்கும் அது காணாது.

இன்னொன்று சொல்ல வேண்டும். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள். நம் மாரிஸில் உடம்போடு முடுக்கியிருப்பது மைனஸ் இல்லை, ப்ளஸ். மீட்டர் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகள் பல அப்படித்தான் பிறந்தன. பேட்டரியில் ப்ளஸ் முனை தடிமன், மைனஸ் மெல்லிசு அல்லவா? உடம்பிலிருந்து வரும் கேபிளின் பிடி தடித்த முனைக்கென்றே வார்த்தது. மெல்லிய முனையில் போட்டால் கழன்று ஆடும்.

விளக்குக்கு மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான். ரிலேக்கு அப்படி இல்லை. சுவிட்சின் கொஞ்ச மின்சாரத்தை வைத்து விளக்கின் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்ன டப்பா அது. அதற்குள் ஒரு திசையில் மட்டும் தடுக்கும் கதவு ஒன்று இருக்கிறது. பேட்டரியைத் திருப்பி மாட்டினால் அந்தக் கதவு திறந்து, எல்லாம் ஒரேயடியாகப் பாய்ந்து எரிந்துவிடும். அதனால் ப்ளஸ் உடம்புக்கு என்று வைத்தே எல்லாம் செய்திருக்கிறேன். நீங்கள் எழுதியபடி செய்யவில்லை.

நேரில் என்றால் இவ்வளவும் சொல்லியிருக்க மாட்டேன். தாளில் எனக்கு வாய் நீளம்.

இமாஸ்


ஆன்சான்
25 செப்டம்பர் 1996

நெங்,

எரிந்ததா! சபாஷ்! அப்பாவுக்கு என் ஸலாம்.

ப்ளஸ் உடம்புக்கா? ஆறு வருஷம் அந்த வண்டியில் கிடந்திருக்கிறேன், அதன் இருமல்கூட எனக்கு அத்துப்படி. பேட்டரிக்கு சார்ஜ் போடும் கடைக்காரன் எப்பவாவது மாத்தி மாட்டியிருப்பான். சரி விடு. நீ சொன்னா சரி. வயர் உன் கைதானே.

இங்கே ஓவர்டைம். கண் சொருகுகிறது. பயணம் முடிந்ததும் ஒன்று விடாமல் எழுது. ஹாஜி ஓமான் முகம் எப்படிப் போனது என்று தனியாக ஒரு பக்கம் வேண்டும்.

குமிலார்


பாண்டுங்
14 அக்டோபர் 1996

அன்புள்ள கங் குமிலார்,

என் விரல்கள் இன்னும் ஸ்டீயரிங்கைப் பிடித்த மாதிரியே வளைந்திருக்கின்றன. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். ஆமாம், ஸ்டீயரிங். ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

கழுவித் துடைப்பதற்காக ஜாஜாங் சனிக்கிழமையே மாரிஸைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். நேற்று காலை நான் போனபோது வண்டி மாப்பிள்ளை மாதிரி நின்றது. என்ஜினைக் கிளப்பும் முன் விளக்கைப் பார்த்துவிடலாம் என்று சுவிட்சைத் தட்டினேன். டப். ஃபியூஸ் போனது. வேறு போட்டேன். அதுவும் போனது. ரிலேயிலிருந்து கருவாடு கருகுவதுபோல ஒரு வாடை.

"தெஹ் இமாஸ், ஏதோ தீயுது!" என்றார் ஜாஜாங்.

"எதையாவது தொட்டீங்களா?"

"நான் தண்ணி ஊத்தித் தொடச்சேன், அவ்வளவுதான்."

பானட்டைத் தூக்கினேன். பேட்டரி திரும்பி உட்கார்ந்திருந்தது. மைனஸ் உடம்புக்கு. தடித்த பிடி மெல்லிய முனையில் ஆடாமல் இருக்க, கெட்டிப்பால் டப்பாவை வெட்டி, அந்தத் தகரத்தை உள்ளே சுற்றி இறுக்கியிருந்தது. தகரத்தில் ஒரு பசுவின் பாதி முகம் என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜாஜாங்கால் அதைத் தாங்க முடியவில்லை. "இப்படி நிக்காதீங்க தெஹ், ரெண்டு திட்டு திட்டிடுங்க! கங் குமிலார்தான் எழுதினாரு. சார்ஜ் கடைக்காரன் தப்பா மாட்டிட்டான், இவளும் அதை நம்பிட்டா, நீ சத்தமில்லாம மாத்திடு, சொன்னா அவ மனசு நோகும்னு."

"பிடி பத்தாம தகரம் சுத்தினீங்களே, அப்பக்கூடத் தோணலையா?"

"தோணுச்சு. ஆனா அவரு வண்டி, அவருக்குத் தெரியாதான்னு..."

பேட்டரியைத் திருப்பி மாட்டினேன். நல்லவேளை, என்ஜினைக் கிளப்பியிருக்கவில்லை, டைனமோ தப்பித்தது. ரிலே பிழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையும் இல்லை. வண்டிகள் கிளம்பும் மைதானத்திலிருந்து ஹாரன் சத்தம் வேறு கேட்கத் தொடங்கிவிட்டது. என் கண்ணில் பட்டது ஜாஜாங் வீட்டுக் கிணற்று மோட்டாரின் சுவிட்ச். பெரியது, கறுப்பு, எவ்வளவு மின்சாரத்தையும் தாங்கும். கழற்றிவிட்டேன்! அவர் அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

"நெங், சாயங்காலம் தண்ணி இறைக்கணும்!"

"கொண்டுவந்து மாட்டித் தர்றேன் இபு."

"ஊரெல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் கொண்டு போவாங்க. இவ கிணத்து சுவிட்சைக் கொண்டு போறா!"

ரிலேயை நீக்கி, தடித்த வயரில் நேராக இணைத்து, டாஷ்போர்டுக்குக் கீழே அதைக் கட்டினேன். ஜாஜாங் சாவியை என் கையில் வைத்தார். "நீங்களே ஓட்டுங்க தெஹ். இன்னைக்கு இந்த வண்டியில நான் எதையும் தொடறதா இல்ல." அப்பாவின் வேனில் பழகிய கைதானே என்று உட்கார்ந்துவிட்டேன். கங், மாரிஸின் மூன்றாவது கியர் எவ்வளவு இனிமையாகப் பாடுகிறது! நீங்கள் சொன்னதே இல்லையே.

மதியம் தோட்டத்தில் இலைச் சோறு சாப்பிட்டோம். இறங்கத் தொடங்கியபோது பனி வந்தது. மெதுவாக வரவில்லை; யாரோ வேட்டியை உதறிப் போட்டதுபோல ஒரே விரிப்பாக விழுந்தது. எல்லோருக்கும் முன்னால் ஹாஜி ஓமான். ஃபியட்டில் நாலு வெள்ளை விளக்கு, நாலும் எரிய ஊர்ந்தார், பிறகு நின்றார். கண்கூசி எதுவும் தெரியவில்லையாம். கொஞ்ச நேரத்தில் அவர் விளக்குகள் சிவந்து, மங்கின. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது.

நான் கிணற்று சுவிட்சைத் தட்டிவிட்டு, பெரிய விளக்கை அணைத்தேன்.

"விளக்கையா அணைச்சீங்க?" என்று ஜாஜாங் கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார். பாதியில் நிறுத்தினார். பனிக்கு அடியில் மஞ்சள் பாய் விரித்ததுபோல சாலை தெரிந்தது. ஓரத்துக் கல், தேயிலைச் செடிகளின் கால்கள், வளைவு எல்லாம். எனக்குத் துளியும் பயம் இல்லை. கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியும்விட்டேன்! ஜாஜாங் பயந்து சோற்றுப் பொட்டலத்தைக் கீழே போட்டார்.

ஃபியட்டைத் தாண்டும்போது ஹாஜி ஓமானின் குரல் மட்டும் கேட்டது: "நாலையும் அணைச்சுட்டேன், உன் பின் விளக்கைப் பாத்துட்டே வர்றேன். வேகமாப் போயிடாதேப்பா ஜாஜாங்!" அவர் பின்னால் மற்றவர்கள். மலை முழுக்க என் வண்டிக்குப் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு வால். மலை இறங்கி, சிவிதெய் கடைவீதியில் நின்றதும் ஹாஜி நேராக வந்து, ஜன்னலில் குனிந்து, என்னைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றார். நீங்கள் கேட்ட முகம் அதுதான். "வயர் யாரு போட்டது?" என்றார். ஜாஜாங் சொல்லும் முன் நானே சொன்னேன், "நான்தான்." கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

சுவிட்சைத் திருப்பி மாட்டிக் கொடுத்துவிட்டேன். தண்ணீர் வருகிறது.

இனி மற்றது. ரிலே போனது பெரிதில்லை. எனக்கு "நீ சொன்னா சரி" என்று எழுதிய கை, ஜாஜாங்குக்கு வேறு எழுதியிருக்கிறது. என் மனசு நோகக்கூடாது என்று நினைத்தீர்கள். நான் செய்தது தவறென்றால் நொந்திருக்காது, திருத்திக்கொண்டிருப்பேன்.

பட்டறையில் வயர் என் கை என்றால் அதில் என் சொல் நிற்க வேண்டும். உங்களுக்குச் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்க வேண்டும். இது முடியுமா? முடியாதென்றால் அதையும் எழுதுங்கள்; வண்டிச் சாவியையும் மோதிரத்தையும் உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். கோபத்தில் எழுதவில்லை. கோபம் வந்தால் நான் எழுதவே மாட்டேன். நேற்று மலையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

இமாஸ்


ஆன்சான்
10 நவம்பர் 1996

இமாஸுக்கு,

என் மாரிஸில் கிணற்று மோட்டார் சுவிட்சா என்றுதான் முதலில் கோபம் வந்தது. அப்புறம்தான் மோதிரம் என்ற சொல் கண்ணில் பட்டது. அன்றைக்கு மெஷினில் வேலை ஓடவில்லை. மேஸ்திரி இரண்டு தடவை கத்தினான்.

இரவுச் சாப்பாட்டில் எல்லோரும் கேட்டார்கள், "விளக்கு என்னடா ஆச்சு, எரிஞ்சுதா?" ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. பால் டப்பா வரைக்கும் சொல்லிவிட்டேன். காருத் ஊர்க்காரன் சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "பேட்டரி சரியாத்தான்டா இருந்திருக்கு. உன்னையத்தான் யாரோ திருப்பி மாட்டியிருக்காங்க." அறையே உருண்டது. நானும் சிரித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

உன் மனசு நோகும் என்று ஜாஜாங்குக்கு எழுதியது பொய். நொந்தது என் மனசு. ஆறு வருஷம் என்னிடம் இருந்த வண்டியில் எனக்குத் தெரியாத ஒன்றை நீ ஒரே சாயங்காலத்தில் கண்டுபிடித்துவிட்டாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும்கூட முழுசாகப் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்கிறாயே, முடியுமா என்று. முடியும்.

மூன்றாவது கியர் பாடுவதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். அது எனக்கு மட்டும் கேட்கும் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் ஜாஜாங்கிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஹாஜி ஓமானுக்கு ஃபியட்டில் மஞ்சள் விளக்கு வேண்டுமாம். ரிலே எது, வயர் எத்தனை தடிமன், எது உடம்புக்கு, எல்லாம் கேட்டு எழுதியிருந்தான். பழக்க தோஷம், பேனாவை எடுத்துவிட்டேன், ஒரு பக்கம் எழுதவும் எழுதிவிட்டேன். பிறகு அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு தாளில் ஒரே வரி எழுதி அனுப்பினேன்: எனக்குத் தெரியாது, இமாஸைக் கேள்.

நீ இதைப் படிக்கும்போது அது போய்ச் சேர்ந்திருக்கும். அவன் உன் வாசலுக்கு வருவான், ஹாஜியையும் இழுத்துக்கொண்டு வருவான். நீ கூச்சப்பட்டு உள்ளே போய்விடாதே. முக்கியமாக, கங் குமிலாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதே.

குமிலார்