மண்ணெண்ணெய்க் காது

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் நல்ல பனி. காரை மூடிய தார்ப்பாய் நனைந்து கனம். இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம்.

நேற்றுக் கடிதம் கொடுத்தாயிற்று. பண்டத்தரிப்புப் பாடசாலையில் உப அதிபர் பதவி, ஏற்கிறேன், 19ஆம் திகதி கடமைக்கு வருவேன். எப்படி வருவேன் என்று கடிதத்தில் யாரும் கேட்கவில்லை. வீட்டில் இவருக்குத்தான் கேள்வி.

"கோப்பாயிலையிருந்து ரெண்டு பஸ் மாறவேணும். பஸ்ஸின்ரை முதல் படியே உமக்கு ஏலாது. இப்ப மாதிரி மோட்டார் சைக்கிளிலை கொண்டுபோய் விடவும் ஏலாது, நான் மற்றப் பக்கம் கொடிகாமத்துக்கு வேலைக்குப் போகவேணும். யோசிச்சுத்தான் எழுதினீரோ?"

"கார் நிக்குது."

"கார் நிக்குது. அதிலை கிளச்சும் இருக்கு."

அதுதான் சங்கதி. என் இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கை. பதினான்கு வயதில், யுத்தத்தில், ஷெல் பட்டது. கிளச்சை மிதிக்கலாம், மிதித்தேனா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். வீதியில் குனிந்து பார்த்துக்கொண்டு கார் ஓட்ட முடியாது. கிளச் இல்லாத அக்காவின் ஓட்டோமற்றிக் காரில் போன வருடம் ஓட்டப் பழகினேன். அக்கா கொழும்புக்குப் போக அந்தக் காரும் போயிற்று. மிச்சம் இருப்பது மாமாவின் இந்த மொறிஸ் மைனர்.

16ஆம் திகதி வெள்ளி, சாரதிப் பரீட்சை. அதில் தவறினால் அடுத்த தவணை எப்போதோ. தவற மாட்டேன்.

ஜனவரி 7, புதன்

மழை இல்லை. படம் கீறினேன், கொப்பியில் மூன்று பக்கம். பௌதிகம் படிப்பிப்பவளுக்கு இது ஒன்றும் பெரிய கணக்கு இல்லை.

கியர்க் கம்பியில் சைக்கிள் பிறேக் பிடி. அதை அமத்தினால் ஒரு வால்வு திறக்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற இழுவை பழைய வான் ஒன்றின் பிறேக் பூஸ்டருக்குப் போகும். பூஸ்டர் கிளச்சை இழுக்கும். காலுக்கு வேலை இல்லை.

சாமான்:
பூஸ்டர் – கந்தசாமி அண்ணை தருவார்
சைக்கிள் பிடி – இவருடைய பழைய சைக்கிள் (கேட்கவில்லை, கழற்றியாயிற்று)
றப்பர் குழாய் 2 யார்
தீயணைக்கும் வெறும் சிலிண்டர் – இழுவையைச் சேமிக்க. எஞ்சின் நின்றாலும் இரண்டு தரம் கிளச் பிடிக்கலாம்
வெங்காயம், சவர்க்காரம்

கந்தசாமி அண்ணை (இனி க.அ.) பின்னேரம் வந்தார். இந்தக் காரின் எஞ்சினை இறக்கி ஏற்றியது எப்போதும் அவர்தான், கடைசியாகப் போன வருடம். படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"வேலை செய்யும் டீச்சர். உங்கடை மூளையும் என்ரை கையும் சேந்தால் கப்பலும் ஓட்டலாம்."

எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஜனவரி 10, சனி

இரண்டு நாள் எழுதவில்லை. கை முழுக்கக் கிறீஸ். வகுப்பில் ஒருத்தி, "மிஸ், நகத்துக்குள்ளை என்ன?" என்றாள். உராய்வு நீக்கி என்றேன்.

எல்லாம் காரில் பொருத்திப் பூட்டியாயிற்று. பூஸ்டர் இடத்தில் அளவாக இருந்தது. இன்று முதல் ஓட்டம். பிடியை அமத்தினேன். கியர் போட்டேன். தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம். மறுபடியும். மறுபடியும் அதே சத்தம். கிளச் முக்கால்வாசி வருகிறது, முழுக்க வரவில்லை.

இழுவை மானியை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு காட்டுகிறது. பதினெட்டு இருக்கவேண்டும்.

க.அ. ஸ்குறூ டிறைவரின் பிடியைக் காதில் வைத்து, மற்ற முனையை எஞ்சினில் வைத்துக் கேட்டார். "எஞ்சின் மெத்தெண்டு ஓடுது. பிழை உங்கடை குழாயிலை."

குழாய் எல்லாவற்றிலும் சவர்க்கார நுரை பூசினோம். ஓட்டை இல்லை. இவர் வாசலில் நின்று பார்த்தார். "நான் அப்பவே சொன்னனான்" என்றிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

ஜனவரி 11, ஞாயிறு

வெயில். கண்டுபிடித்தேன். சந்தோசமில்லை.

எஞ்சினின் மேல்தலைக்கும் உடம்புக்கும் நடுவே கசிவை அடைக்கும் செம்புத் தகடு, காஸ்கற், ஒன்றுதான் இருக்கும். துடைத்துவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தால் செம்புக் கோடு இரண்டு.

"ஏன் அண்ணை ரெண்டு காஸ்கற்?"

"எப்பவும் ரெண்டுதான் டீச்சர்."

"எப்பவும் எண்டால் எப்ப இருந்து?"

"அது... பெற்றோல் வராத காலத்திலை. மண்ணெண்ணெயிலை ஓட்டேக்கை ரெண்டு போட்டால்தான் எஞ்சின் டக்டக்கெண்டு தட்டாமல் ஓடும். நெருப்புப் பொறியையும் கொஞ்சம் பிந்தி வைக்கவேணும்..." அதோடு நிறுத்தினார்.

அந்த நாளில், யுத்தத் தடையில், முழு யாழ்ப்பாணமும் மண்ணெண்ணெயில் ஓடியது; ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல். க.அ. தொழில் படித்தது அந்தச் சத்தத்தில். பெற்றோல் திரும்பி வந்து எவ்வளவு காலம்! அவருடைய காதுக்கு இன்னும் அதுதான் சரியான சத்தம். பொறி பிந்தினால் இழுவை குறையும். என் பன்னிரண்டுக்குக் காரணம் அவருடைய காது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். வகுப்பில் சொல்வதுபோலப் படம் கீறி, அம்புக்குறி போட்டுச் சொன்னேன். என் வாய்.

"முப்பது வருசமா காதாலைதான் வைக்கிறன். ஒருத்தரும் ஒண்டும் சொன்னதில்லை."

தேத்தண்ணியைக் குடிக்காமல் போனார். ஸ்பானர் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்.

ஜனவரி 12, திங்கள்

அவர் வரவில்லை.

பாடசாலை விட்டு இவரோடு வரும் வழியில், திருநெல்வேலிச் சந்தியில் ஓட்டோ டியூன் பண்ணும் கடையில், பொறி விழும் நேரத்தைக் காட்டும் ரைமிங் லைற் இரவல் வாங்கினேன். நானே பொறியை முந்தி வைத்துப் பார்த்தேன். பதினாறு. கியர்ச் சத்தம் குறைந்தது, போகவில்லை. மிச்சத்துக்கு எஞ்சின் தலையைக் கழற்றி ஒரு காஸ்கற்றை எடுக்கவேண்டும். வார்ப்பிரும்பு. இவரும் நானும் தூக்கலாம். திரும்பிச் சரியாகப் பூட்டுவது வேறு கதை.

"நான் ஒரு கிழமை லீவு போட்டுக் கொண்டுபோய் விடுறன்" என்றார் இவர்.

"பிறகு?"

முதல் தரமாகப் பயம் வந்தது. கடிதத்தைத் திருப்பி எடுப்பது எப்படி என்று ஒரு கணம் யோசித்தேன். ஒரு கணம்தான். ஆனாலும் யோசித்தேன், எழுதி வைக்கிறேன்.

க.அ. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம். சரியைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். சொன்ன விதத்துக்குக் கேட்கலாம். நாளைக்கு.

ஜனவரி 13, செவ்வாய்

மன்னிப்புக் கேட்க நேரம் கிடைக்கவில்லை. விடிய ஆறு மணிக்கே வாசல் படலையில் க.அ., பெட்டியோடு.

"நேற்று முழுக்க என்ரை A40 காரைத் திறந்து பாத்தனான்."

"என்ன அண்ணை?"

"அதிலையும் ரெண்டு."

நான் சிரிக்கவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு இருவராலும் நிறுத்த முடியவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன விதம் பிழை, அண்ணை" என்றேன்.

"விதத்தை விடுங்கோ. அந்தப் பக்க நட்டைப் பிடியுங்கோ."

அரை நாள் லீவு. தலை கழன்றது. ஒரு காஸ்கற் வெளியே. பூட்டி ஸ்டார்ட் பண்ணியதும் அவருடைய முகம் சுருங்கியது.

"தட்டுற மாதிரிக் கிடக்கு."

"தட்டேல்லை. உது பெற்றோல் எஞ்சினின்ரை சத்தம்."

உள்ளே போய் இவரிடம் பஞ்சு கேட்டு வாங்கி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு வந்தார். "இல்லாட்டி காது குறுக்கை வரும். நீங்கள் லைற்றைப் பிடியுங்கோ. நான் வெளிச்சத்திலை தெரியிற அடையாளக் கோட்டை மட்டும் பாக்கிறன்."

லைற்றைப் பிடித்தேன். பொறியை முந்தி வைக்க மெல்லத் திருப்பினார்.

இழுவை மானியில் பத்தொன்பது.

பிடியை அமத்தினேன். கியர் வெண்ணெயில் கத்தி போல விழுந்தது. க.அ.வுக்குச் சத்தமாகச் சொன்னேன். கேட்கவில்லை. பஞ்சு. கையைப் பிடித்து ஆட்டினேன்.

ஜனவரி 15, வியாழன்

தைப்பொங்கல். நல்ல வெயில். பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. காரின் நெற்றியில் இவர் சந்தனம் குங்குமம் வைத்தார். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய். ஏறி நசித்தேன், நானே.

உடுவில் வரை போய் வந்தோம். இவர் முன்னால், க.அ. பின்னால். ஒவ்வொரு கியருக்கும் பின்னால் இருந்து "ம்" என்று ஒரு சத்தம். பதினேழு "ம்" எண்ணினேன். கடைசியாக, "இந்தச் சத்தம் பழகிவிடும் போலை கிடக்கு" என்றார்.

ஜனவரி 16, வெள்ளி

தேறினேன்.

பரிசோதகர் பொனற்றுக்குள் தலையைவிட்டு நெடுநேரம் பார்த்தார். "இடையிலை எஞ்சின் நிண்டால் கிளச்சுக்கு என்ன செய்வியள்?"

"நிப்பாட்டிப் பாருங்கோ."

ஓடும்போதே திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். நான் பிடியை அமத்தி நியூற்றலுக்கு எடுத்து ஓரமாக விட்டேன். பிறகு இன்னொரு தரம் அமத்திக் காட்டினேன். சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார். "உந்த வேலையை யார் செய்தது?"

"நானும் கந்தசாமி அண்ணையும்."

வெளியே மதிலோரம் நின்ற க.அ. இதைக் கேட்காத மாதிரி வானத்தைப் பார்த்தார்.

ஜனவரி 18, ஞாயிறு

இவருடைய மோட்டார் சைக்கிளில் என் காலுக்கென்று அகலமான மிதி ஒன்று உண்டு. கலியாணத்துக்குப் பிறகு அவரே வெட்டிப் பொருத்தியது. இன்று ஸ்பானரோடு அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"இனி இது தேவைப்படாதுதானே. கழட்டட்டோ?"

இத்தனை வருடமும் இவர் இல்லாமல் நான் எங்கேயும் போனதில்லை, இவரும்தான்.

"விடுங்கோ. கோயிலுக்கு அதிலைதான் போறது."

ஸ்பானரைப் பெட்டிக்குள் போட்டார். இரண்டு பேருக்கும் தேத்தண்ணி அவரே போட்டார்.

சேலை – நீலம். திறப்பு – மேசையில். பஞ்சு – க.அ. பின்சீற்றில் விட்டது, அங்கேயே இருக்கட்டும்.

ஜனவரி 19, திங்கள்

பனி. 6.25க்கு வெளிக்கிட்டேன், ஒற்றையாளாக. மருதனார்மடத்தில் மாடு ஒன்று. நின்றேன், முதலாம் கியர், போனேன். பயம் இல்லை. பாட்டு வந்தது, பாடினேன்.

7.10. பாடசாலை கேற். காவலாளி ஓடிவந்து பின்கதவைத் திறந்து, குனிந்து, "வணக்கம் மேடம்" என்றார். வெறும் சீற். பஞ்சு மட்டும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"புது உப அதிபர் வரேல்லையோ?"

"வந்திட்டா" என்றேன். "கதவைச் சாத்துங்கோ, காரை நிழலிலை விடவேணும்."