ஆறாம் நம்பர் வீட்டு விவரம்

கோயமுத்தூர்,
22-11-1936

அன்புள்ள மயிலாத்தாளுக்கு,

பழனாத்தாள் எழுதுவது. ஹாஸ்டலுக்குச் சுகமாக வந்து சேர்ந்தேன். உன் மேல் எனக்குக் கோபம். தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்த நான்கு நாளும் உன்னைப் பார்க்கவில்லை. எங்கள் வாசல் வரை வந்துவிட்டு, உள்ளே கவுன்சிலர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனாயாமே! பின்கட்டு வழியாக வந்திருக்கக் கூடாதா?

அவர்கள் பேசியது உங்கள் மேட்டுக்காட்டு லைன் வீடுகளைப் பற்றித்தான். முனிசிபாலிடி அவற்றைத் தன் கூலியாட்களுக்கென்று சர்க்கார் கடனில் கட்டியதாம். அந்தக் கடனின் தவணை, ஓடு மாற்றும் செலவு எல்லாம் உங்கள் பத்து வீட்டு வாடகையிலிருந்தே வர வேண்டுமாம். போதவில்லை என்று வாடகையை இரண்டு ரூபாயிலிருந்து மூன்றாக்கப் போகிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தெருவிளக்குக்கு, விளக்கடியில் நிற்கிறவனிடம் மட்டுமா காசு வாங்குகிறோம்? சில தேசங்களில் இப்படிப்பட்ட கடனை ஊர் முழுவதும் வரியாகச் சுமக்கிறது என்று எங்கள் பள்ளி நூலகத்தில் படித்தேன். அப்பாவிடம் சொன்னேன். “பேச்சுக்கு நல்லாத்தான் இருக்குது கண்ணு. கவுன்சில்ல ஊடு ஊடா விவரம் கேப்பாங்களே, அதுக்கு எங்க போறது?” என்றார்.

நீ இருக்கிறாயே! பத்து வீட்டிலும் யார் யார், எப்படி வாடகை கட்டுகிறார்கள் என்று எழுதி அனுப்பு. நான் அதை அறிக்கையாக எழுதி அப்பாவிடம் கொடுக்கிறேன்.

உன் பிரியமுள்ள,
பழனாத்தாள்


செங்காட்டுப்பாளையம்,
3-12-1936

பிரியமுள்ள பழனிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “கவுண்டரு ஊட்டு அம்மணி நமக்காவப் படிக்குதா? நல்லா இருக்கோணும்” என்றாள். வாடகை மூன்றானால் நாங்கள் என்ன செய்வோம் என்று லைனில் எல்லோருக்கும் அதே பேச்சுத்தான்.

முதல் வீட்டுச் சுப்பையன் மாமா மழை பெய்தால் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்குகிறார். நான்காம் வீட்டு மாசாணியம்மாள் அக்கா, சுவர் இடிந்த நாளிலிருந்து ஆட்டையும் குழந்தையையும் ஒரே மூலையில் கட்டிப் போடுகிறாள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. மற்ற வீடுகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஆறாம் நம்பர் உனக்குத் தெரிந்ததுதான். அப்பா போன பிறகு, அம்மா சந்தைப்பேட்டையைக் கூட்டி வாங்கும் எட்டு ரூபாய்தான். அதனால் பங்காரு, சீனிவாசலு என்று மில்லில் வேலை செய்யும் இரண்டு பேரை உள்வாடகைக்கு வைத்திருக்கிறோம். ஒருவர் பகல் வேலை, ஒருவர் ராத்திரி வேலை. “சங்கு ஊதுனா ஒருத்தன் எந்திரிப்பான், ஒருத்தன் படுப்பான். பாய் ஒண்ணு போதும்” என்று அம்மா சிரிப்பாள். முனிசிபல் ஆபீசுக்குத் தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பயமும் உண்டு. உன்னிடம் சொல்ல எனக்கென்ன பயம்?

மயிலாத்தாள்


கோயமுத்தூர்,
20-12-1936

அன்புள்ள மயிலு,

அறிக்கை முடிந்தது! ஏழு தாள். நேற்றே அப்பாவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். முப்பதாம் தேதி கவுன்சிலில் படிக்கப் போகிறார்.

உங்கள் வீட்டுப் பாயைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதைப் போல உறைக்கும் சாட்சி வேறெதுவும் இல்லை. ஒரு பாயில் இரண்டு பேர் மாறி மாறிப் படுத்தால்தான் வாடகை கட்ட முடிகிறது என்றால், வாடகையை நம்பி வீடு கட்டியதே தவறு இல்லையா? நீ பயப்படாதே. உங்கள் பெயர் எதையும் எழுதவில்லை. வீட்டு நம்பரை மட்டும் போட்டேன். நம்பர் இல்லாவிட்டால் அறிக்கையை யார் நம்புவார்கள்?

நாளை ஹாஸ்டலை மூடுகிறார்கள். விடுமுறைக்கு ஈரோட்டு அத்தை வீட்டுக்குப் போகிறேன்.

உன்,
பழனாத்தாள்


செங்காட்டுப்பாளையம்,
23-12-1936

பழனி,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. ஈரோட்டு விலாசம் எனக்குத் தெரியாது. ஹாஸ்டலுக்கே எழுதுகிறேன், அனுப்பி வைப்பார்கள் என்று நம்பி.

ஆபீசில் எங்களுக்குப் பெயரே கிடையாது. கூலிப் பட்டியல், வாடகைச் சீட்டு, எல்லாவற்றிலும் நம்பர்தான். கதவிலும் தாரில் எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரியை அடிக்கச் சொல்லி உன் அப்பாவுக்கு உடனே எழுது. நானே போய்ச் சொல்லலாம் என்று நேற்று சாயங்காலம் உங்கள் வீடு வரை போனேன். உள்ளே சேர்மனின் குரல் கேட்டது. பின்கட்டில் வேலைக்காரி, “அவிய பேசிட்டிருக்கறாங்க, அப்பறமா வா” என்றாள். இன்றைக்குப் போனால் அப்பா சென்னிமலைக்குப் போய்விட்டாராம், கவுன்சில் நாளன்றுதான் திரும்புவாராம்.

தயவு செய்து.

மயிலாத்தாள்


கோயமுத்தூர்,
6-1-1937

மயிலு,

உன் கார்டை இன்று காலையில்தான் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு நாளாக வார்டன் அறை மேஜையில் கிடந்திருக்கிறது. அதோடு சேர்த்து அப்பாவின் கடிதமும் இருந்தது. தீர்மானம் ஜெயித்துவிட்டது. இனிக் கடன் தவணையை ஊரார் கட்டும் வீட்டு வரியிலிருந்து கொடுப்பார்களாம். உங்கள் வாடகை ஒன்றரை ரூபாய்தான். அது முழுவதும் லைன் பழுதுக்கே போகுமாம். “உன்ர அறிக்கையக் கேட்டுத்தான் பாதிப் பேரு மனசு மாறுனாங்க” என்று எழுதியிருக்கிறார்.

நான் சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. அந்த வரியையும் படித்திருப்பார். ஏதாவது நடந்ததா? ஒரு வார்த்தை எழுது.

பழனாத்தாள்


செங்காட்டுப்பாளையம்,
19-1-1937

பழனாத்தாளுக்கு,

பொங்கலுக்கு மறுநாள் முனிசிபல் ஓவர்சீயர் வந்தார். அம்மா மாட்டுச் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க மாரியாத்தா, ஆறாம் நம்பர் ஊட்டுல எத்தன பேருங்க?”

“நானும் புள்ளையும்தானுங்க சாமி.”

“அப்ப அந்தப் பாயி யாருதுங்க?”

மரியாதையாகத்தான் கேட்டார். கையிலிருந்த காகிதத்தைப் படித்தார். ‘ஒரே பாயில் இரண்டு தொழிலாளர், சங்கொலிக்கு ஏற்ப மாறி மாறி உறங்குகின்றனர்’ என்று அதில் இருந்தது. உன் தமிழ் எனக்குத் தெரியாதா? அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

உள்வாடகை விட்டவர்கள் இருபது நாளில் காலி செய்ய வேண்டும் என்று அதே தீர்மானத்தில் ஒரு விதி சேர்த்திருக்கிறார்களாம். பங்காருவும் சீனிவாசலுவும் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்படியும் விடவில்லை.

இது உனக்குத் தெரியுமா? அதை மட்டும் சொல்.

மயிலாத்தாள்


கோயமுத்தூர்,
26-1-1937

மயிலு,

சத்தியமாக எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரும் தைரியம் இல்லாமல் அன்று மாலையே திரும்பிவிட்டேன். அப்பாவிடம் சண்டை போட்டேன்.

“எவனோ குடியிருக்கற ஊட்டுக்கு நாங்க எதுக்கு வரி கட்டோணும்னு நாலு பேரு எந்திரிச்சுட்டாங்க கண்ணு. உள்வாடகை உடறவங்களை வெளிய அனுப்புனா ஒத்துக்கறோம்னாங்க. பத்துல ஒரு ஊடுதானேன்னு சரின்னுபோட்டேன்” என்றார்.

“அது மயிலு வீடு அப்பா.”

அவர் முகம் மாறியது. “நம்பர்தான கண்ணு போட்டிருந்த? பேரு இருந்திருந்தா நான் உட்டிருப்பனா?”

மயிலு, உன் பெயரை நான் மறைத்தது உன்னைக் காப்பாற்றக் கூடிய ஒருவரிடமிருந்து மட்டும்தான்.

விதியை எடுக்கச் சொன்னால், அந்த நான்கு பேரும் வரியையும் எடுத்துவிடுவார்களாம். வாடகை மூன்றாகிவிடும். ஆனாலும் நீ ஒரு வார்த்தை சொல். ஒரு சிநேகிதி நம்பிச் சொன்னதை அவள் அனுமதியில்லாமல் எழுதினேன் என்று சேர்மனுக்கு என் பெயரிலேயே எழுதுகிறேன். அப்பாவும் தீர்மானத்தைத் திரும்ப எடுப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். நீ என்ன சொன்னாலும் அப்படியே செய்கிறேன்.

பழனாத்தாள்


அன்னூர் ரோடு,
4-2-1937

பழனாத்தாளுக்கு,

நேற்று வந்து சேர்ந்தோம். ஒரு பருத்திக் கிட்டங்கிக்குப் பின்னால், சுவரோடு சாய்த்து ஓலை வேய்ந்த ஒரு சாய்ப்பு. வாடகை இரண்டரை ரூபாய்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முடிவை என்னிடம் விட்டிருக்கிறாய் என்றதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒம்போது ஊட்டு வாடகைய உன்ர தலைல கட்டறாளா?” என்றாள். பிறகு அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே, “வேண்டாம்னு எழுதிப்போடு. சுப்பையன் ஊட்டுல ஓடு மாத்தறாங்க” என்றாள். நாங்கள் சாமான் ஏற்றும்போது மாசாணியம்மாள் அக்கா வந்து அழுதாள். அவள் வீட்டுச் சுவருக்குச் செங்கல் வந்து இறங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கும் வேறு எழுதத் தோன்றவில்லை. சேர்மனுக்கு எழுதாதே. அப்பாவையும் விட்டுவிடச் சொல்.

நீ நினைத்தது சரி, பழனி. ஊர்தான் அந்தக் கடனைச் சுமக்க வேண்டும். நான் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை முதல் நானும் மில்லுக்குப் போகிறேன். நூல் சுற்றும் பகுதி. தபால்காரர் வரும் நேரத்தில் இங்கே யாரும் இருக்க மாட்டோம், கடிதம் போட வேண்டாம். வழியில் பார்த்தால் கூப்பிடு, நின்று பேசுவேன். பள்ளிக்கூடம், பரீட்சை எல்லாம் கேட்பேன். எங்கள் வீட்டில் என்ன சமையல் என்று மட்டும் கேட்காதே. சொல்ல மாட்டேன்.

மயிலாத்தாள்