ஜூம் பண்ணின கை

ஞாயிறு, 2005

புது டிஜிட்டல் கேமராவில் ஜூம் நல்லாத்தான் வேலை செய்யுது, பாழாப்போனது. கண்ணமங்கலத்தில் மாப்பிள்ளை வீட்டில் இன்று தங்கச்சிக்கு வளைகாப்பு. பொம்பளைங்க கூட்டத்துக்குப் பின்னால் நின்றபடியே, சந்தனம் பூச நீட்டின அவள் கையை மட்டும் கிட்டே இழுத்து எடுத்தேன். சின்னத் திரையில் பார்த்தால், முழங்கைக்குக் கீழே சிகரெட்டால் சுட்ட வடு. ஒன்று இல்லை, நாலைந்து.

சாப்பாட்டுக்கு முன்னால் அவளிடம் காட்டினேன். நான் நெய்த பட்டுக்குள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ரோல் கேமரா இல்லியேண்ணா, அழிச்சிடு. கொழந்த பொறந்தா திரும்பி இங்கதான வரணும்."

அதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார்.

"இன்னா மச்சான், புது கேமராவா? எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுங்க."

எடுத்தேன். "சிரிங்க" என்று வேறு சொன்னேன்.