பூஜ்யத்துக்கு ஓ அடிக்கிறவர்

திண்டிவனம்
21-11-1967

அன்பு மகள் அம்சாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் அந்த பிலாய்க் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். ஒலக்கூர் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிக் கடலையைக் காயவைத்தாயிற்று, நடுவில் பெய்த மழையில் கால்வாசி முளைத்துப்போனது, மற்றபடி மோசமில்லை. உன் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அவர் இப்போது கம்ப்யூட்டர்காரர் ஆகிவிட்டார். வேறு யாராவது எழுதி நீ பதறிப்போவதற்குள் நானே சொல்லிவிடலாம் என்றுதான் இத்தனை தாள்.

வக்கீல் வேங்கடேசன் காலமானதை முன்னமே எழுதியிருந்தேன். அவர் மகன் ஆபீசைப் பூட்டிவிட்டு மெட்ராசுக்குப் போய்விட்டான். இருபத்தெட்டு வருஷம் குமாஸ்தாவாக டைப் அடித்த மனுஷர், ஐம்பத்திரண்டு வயதில் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார். நாலு மாதம், அம்சா. வக்கீல் வீட்டுக் கட்சிக்காரர்களை மிரட்டிக்கொண்டிருந்தவருக்கு மிரட்ட நான் ஒருத்திதான் மிச்சம். உப்பு ஜாடி ஏன் இங்கே இருக்கிறது, விறகை ஏன் இப்படி அடுக்கினாய், குழம்புக்குப் புளியை எந்தக் கையால் கரைக்கிறாய் என்று நாள் முழுக்க விசாரணை. நான் முப்பது வருஷமாகத் தப்பாகவே சமைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சமயத்தில் எதிர்வீட்டுச் சக்கரபாணி வந்து, விழுப்புரத்தில் ஸ்டேஷன் பக்கம் ஒரு உரக் கம்பெனி கார்டு அடிக்கிற ஆபீஸ் திறந்திருக்கிறது, டைப் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள் என்று சொன்னார். இவர் ஜரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு புறப்பட்டார். மானேஜர் நாற்காலி காலியாக இருக்கிறதென்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அந்த வேலை என்னவென்று எனக்குப் புரிந்த அளவு சொல்கிறேன். எந்த ஊரில் யார் எத்தனை மூட்டை வாங்கினார் என்ற கணக்கை டைப்ரைட்டர் மாதிரி ஒரு மிஷினில் தட்டினால் எழுத்து விழாது, அட்டையில் ஓட்டை விழும். ஒருத்தர் அடித்த அட்டையை இன்னொருத்தர் மற்றொரு மிஷினில் திரும்ப அடித்துப் பார்ப்பார். இரண்டும் ஒத்துவராவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். சரியான அட்டைகளைப் பெட்டியில் கட்டி ரயிலில் மெட்ராசுக்கு அனுப்பினால் அங்கே இருக்கிற கம்ப்யூட்டர் ஓட்டைகளைப் படித்துக் கணக்குப் போடும். உன் அப்பா அந்தக் கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் தெருவில் கம்ப்யூட்டர் ஆபீசர் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தார். சக்கரபாணியின் பெண்சாதி வெள்ளையம்மாள் வந்து, "ஏன்ணா, இந்த வருசம் மழை எப்ப நிக்கும்னு அது சொல்லுமா?" என்று கேட்டாள். "எழுதி அனுப்பிப் பாக்கலாம்" என்று இவர் சொன்னாரே பார்க்கலாம். நான் அடுப்படிக்குள் போய்ப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் இருக்கும், ஒருநாள் மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த பஸ்ஸில் நான் எடுத்துக்கொண்டு போனேன். அந்த அறையில் ஆறு மிஷின். ஐந்தில் பெண்கள், ஒருத்திக்கும் இருபத்தைந்து இராது. ஆறாவது மிஷினில் உன் அப்பா வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். எல்லோருக்கும் மேலாளாக இருக்கிறவள் நம் ஊர்த் தொம்மை மேஸ்திரியின் மகள் அருள்ராணி. அவள் இவர் பக்கத்தில் நின்று, "சார், பூஜ்யத்துக்கு மறுபடியும் ஓ அடிச்சிக்கினு இருக்கீங்க. இன்னிக்கு மட்டும் நாப்பது அட்டை வீணாப்போச்சு" என்று மெதுவாகத்தான் சொன்னாள். பழைய டைப்ரைட்டரில் பூஜ்யத்துக்கு ஓ எழுத்தையும் ஒன்றுக்கு எல் எழுத்தையும் அடித்தே இவர் விரல் பழகிவிட்டது. ஜட்ஜுக்கு அது பூஜ்யம்தான், இந்த மிஷினுக்கு அது ஓ. இருபத்தெட்டு வருஷம் ஊரார் தப்பையெல்லாம் கண்டுபிடித்தவரை நிமிஷத்துக்கு ஒரு தடவை சிவப்பு விளக்கு காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று. கண்ணாடியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வந்ததும், "நாளையிலேருந்து போமாட்டேன். பொண்ணுங்க கிட்ட பேச்சு வாங்கிக்கினு பொழைக்கணும்னு இன்னா வந்துது எனக்கு?" என்றார். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்களாம், அந்தக் கெடுவில் பாதி போய்விட்டது, எப்படியும் அனுப்பிவிடுவார்கள், அதற்கு முன்னால் நானே நின்றுவிடுகிறேன் என்றார். நான், சரி, நின்றுவிடுங்கள், நாளைக்குக் காலையில் உப்பு ஜாடியை எங்கே வைக்கலாம் என்று இரண்டு பேரும் யோசிக்கலாம் என்றேன். மறுநாள் காலை ஏழு மணி பாசஞ்சருக்குப் போய்விட்டார். போனவர் அருள்ராணியிடமே, "எனக்கு ஒளுங்கா கத்துக் குடும்மா" என்று கேட்டிருக்கிறார். அவள், எழுத்தையே தொடக்கூடாது, ஒரு வாரத்துக்கு வெறும் எண்கள்தான் என்று சொல்லிவிட்டாளாம். வீட்டுக்கு வந்தும் முறத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அதன்மேல் விரலால் தட்டுவார். நான் கேப்பை புடைக்க முறம் கேட்டால் இன்னும் நூறு பாக்கி என்பார். நான் எண் சொல்லுவேன், அவர் தட்டுவார், சரியா என்று என்னைக் கேட்பார். முறத்தில் எனக்கு என்ன தெரியும்? சரி என்று சொல்லிவைப்பேன்.

போன வெள்ளிக்கிழமையோடு கெடு முடிந்தது. நிரந்தரம் செய்துவிட்டார்கள். ஆறு பேரில் ஐந்தாவது வேகம், ஆறாவது பெண் புதிதாக வந்தவள், அதையும் எழுதிவிடுகிறேன். அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தானாகவே, "நம்ம அம்சா இங்க இருந்திருந்தா இந்த மிசினை ஒரு வாரத்துல புடிச்சிக்கினு இருப்பா" என்றார். நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த ஆர்டரை நான் கிழிச்சிருக்கக் கூடாதுடி" என்றார். பதினெட்டு வயதில் உனக்கு வந்த டைப்பிஸ்ட் வேலை ஆர்டரை, பெண்பிள்ளை ஆம்பளைங்க நடுவில் உட்கார்ந்து தட்டுவதாவது என்று உன் கண் முன்னால் கிழித்துப்போட்டாரே, அதைத்தான். அதை அவளுக்கு எழுதுங்கள் என்றேன். நீயே எழுது என்றார். நான் ஏன் எழுதவேண்டும், கிழித்தது நானா என்று கேட்டேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதிப்பார்த்தார். இரண்டு இன்லண்ட் லெட்டர் வீணானதுதான் மிச்சம், இரண்டிலும் உன் பேருக்குக் கீழே ஒரு வரிகூட இல்லை.

இவரை இத்தனை கேலி செய்கிற வாய் அன்றைக்கு எங்கே போயிற்று என்று நீ கேட்கலாம். கேள். நான் அன்று கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். காகிதம் கிழிபடுகிற சத்தமும் கேட்டது. அப்புறம் வந்து துண்டுகளைப் பெருக்கிக் கொட்டினதும் நான்தான். அவர் வருத்தத்தை அவர் எழுதட்டும், இது என்னுடையது.

சின்னவனையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, பகலெல்லாம் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று எழுதியிருந்தாய். உனக்கு இருபத்தெட்டுதான். உங்கள் பக்கத்தில் இந்தக் கார்டு அடிக்கிற ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல். அவர் முகம் சுளித்தால், மாமனாருக்கே மேலாள் ஒரு பெண்தான் என்று நான் சொன்னதாகச் சொல்.

நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்கவேண்டும். குழந்தைகளுக்கு என் முத்தம். உன் எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட்டையும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த காகிதத்தையும் இன்று தனியாக ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அவர் அதையும் கிழித்துவிடப்போகிறாரே என்று பத்து வருஷமாகக் கேப்பைப் பானைக்கு அடியில் வைத்திருந்தேன். உன் கல்யாணத்தின்போதே தந்திருக்கலாம், அப்போது எனக்கு அந்தத் தைரியமும் இல்லை. ஓரத்தில் கொஞ்சம் பூச்சி அரித்திருக்கிறது, உன் பேரும் மார்க்கும் நன்றாகத் தெரிகிறது. கைக்குக் கிடைத்ததும் ஒரு கார்டு போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
தையல்நாயகி